அரை நிமிடம் பின்னால்

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் தொப்பி பதினொரு ஆட்டங்களுக்கு வந்துவிட்டது. அப்பா ஒன்றுக்குக்கூட வரவில்லை.

நீல நிறத் தொப்பி அது. முன்பக்கம் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நிற்கும். நார்த்வேல் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கொக்குகள் என்று பெயர். ஊரில் இருப்பதே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அதில் பாதிப் பேர் குளிர்காலம் முழுவதும் கொக்குகளைப் பற்றியே பேசுவார்கள். மீதிப் பேர் பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கடைசியில் கொக்குகளிடம் வந்து சேருவார்கள்.

ப்ரிட்டாவுக்குப் பத்து வயது. ஐந்து வயதிலிருந்தே அவளும் அப்பாவும் மூன்றாம் வரிசையில், நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள். அக்டோபரில் அப்பா மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனார். காரில் ஆறு மணி நேரம். அவர்கள் வீட்டுக் கார் அடுத்த தெருவுக்குப் போகவே முனகும். கிறிஸ்துமஸுக்கு அப்பா இரண்டு நாள் வந்து போனார். இனி ஜூனில்தான் வருவார்.

அதனால் ப்ரிட்டா அப்பாவின் இடத்தில் தொப்பியை வைத்தாள். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தாண்டிப் போகிறவர்கள் தொப்பியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு மாணவன் கேமரா வைத்து ஆட்டத்தை இணையத்தில் காட்டுவான். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் தங்கும் முகாமில் அப்பா அதைக் கைப்பேசியில் பார்ப்பார். மூன்றாம் வரிசை அதில் நன்றாகத் தெரியும். ஆனால் படம் அரை நிமிடம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ப்ரிட்டா கேமராவைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, முப்பது வரை எண்ணுவாள். முப்பது வந்ததும், 'இப்போது அப்பா பார்க்கிறார்' என்று நினைத்துக்கொள்வாள். அவர் திரும்பக் கையாட்டினாரா என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

குளிர்பதனப் பெட்டிக் கதவில் ப்ரிட்டா பென்சிலால் ஒரு பட்டியல் போட்டு ஒட்டியிருந்தாள். எட்டுச் சின்னக் கல்லூரிகள் தங்களுக்குள் ஆடும் தொடர் அது. முதல் நான்கு இடங்களில் வருகிறவர்கள் கோப்பைக்கு ஆடலாம். முதலிடம் ரெட் பியூட் கல்லூரிக்கு என்பது ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. முதலிடம் பிடித்தவர்களின் ஊரில்தான் கோப்பை ஆட்டங்கள் நடக்கும். எனவே அவை வரும் சனிக்கிழமை ரெட் பியூட்டில்.

அப்பாவின் முகாமிலிருந்து ரெட் பியூட் ஒரே ஒரு மணி நேரம்.

இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும்கூட முடிவாகிவிட்டன. நான்காம் இடத்துக்கு மட்டும் கொக்குகளும் ஆஷ்பி கல்லூரியின் கீரிகளும் சரிசமமாக நின்றன. புதன்கிழமை இரண்டும் நார்த்வேலில் மோதப்போகின்றன. கொக்குகள் ஜெயித்தால் கல்லூரி ரசிகர்களுக்கு பஸ் விடும். அம்மா கல்லூரிச் சமையலறையில் வேலை பார்ப்பதால் இரண்டு இடம் நிச்சயம். அப்பா சனிக்கிழமை வேலையைக் கூட்டாளியிடம் முன்பே மாற்றிக்கொண்டுவிட்டார்.

"தோத்துட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"அத மட்டும் கேக்காதம்மா," என்றாள் ப்ரிட்டா.

புதன்கிழமை விளையாட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. அம்மா வாசலருகே சோளப்பொரி விற்கும் மேசையில் நின்றாள். ஆஷ்பியிலிருந்து ஒரு பஸ் நிறையப் பச்சைச் சட்டைக்காரர்கள் வந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். தங்கள் அணியின் முதல் கூடை விழும்வரை, அதாவது பந்து முதல்முறை வளையத்துக்குள் போகும்வரை, ரசிகர்கள் உட்காரக் கூடாது. அந்தப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். வந்த விருந்தாளிகளுக்கும் அதே சட்டம்.

முதல் நிமிடத்திலேயே கீரிகளின் பதினான்காம் எண் பெண் ஒரு கூடை போட்டாள். பச்சை மூலை மொத்தமாக உட்கார்ந்தது.

நீலக்காரர்கள் நின்றார்கள். இரண்டு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. கொக்குகள் எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் முட்டி வெளியே வந்தது.

அப்போதுதான் ப்ரிட்டா அவரைப் பார்த்தாள். பச்சைக் கோட்டு, அடர்த்தியான மீசை, பெரிய உடம்பு. கதவோரச் சுவரில் சாய்ந்து நின்று வலது முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் இருந்த மூலையில் ஓர் ஊசி நுழைய இடமில்லை.

ப்ரிட்டா அவரிடம் போனாள். "உங்க கூடைதான் விழுந்திருச்சே சார். நீங்க உக்காரலாமே?"

"உக்காரலாம் பாப்பா. எதுமேல உக்காரறது?" என்றார் அவர். "நான் டிராக்டர்ல இருந்து விழுந்த முட்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள, எங்க ஆளுங்க எல்லா எடத்தையும் பிடிச்சுட்டாங்க. உங்க ஆளுங்க பூரா நிக்கறாங்க. ஒக்கார வேண்டியவன் நான் ஒருத்தன். எனக்குதான் எடமில்ல."

ப்ரிட்டா திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் தொப்பி தனியாக இருந்தது. அவளுக்கு மனசு வரவில்லை. அது காலி இடம் இல்லை, அப்பாவின் இடம். அதோடு இன்றைக்கு, எல்லா நாளையும் விட்டு இன்றைக்கு, அதில் ஒரு பச்சைக் கோட்டா?

அவர் மறுபடி முட்டியை அமுக்கினார்.

"எங்கூட வாங்க," என்றாள் ப்ரிட்டா.

நீலக் கூட்டம் வழிவிட்டது. சிலர் முறைத்தார்கள். அவர் உட்கார்ந்ததும் தொப்பியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. தரையில் வைக்க ப்ரிட்டா சம்மதிக்கவில்லை. "மடியில வச்சுக்கங்க. மூஞ்சி கேமரா பக்கம் இருக்கணும்."

"யாரோட தொப்பி?"

"எங்க அப்பாவோடது."

"அப்ப உங்கப்பா என் மடியில உக்காந்திருக்கார்னு சொல்லு," என்றார் அவர். பெயர் டெல்மர் என்றும் சொன்னார்.

நான்காவது நிமிடத்தில் கொக்குகளின் முதல் கூடை விழுந்தது. கூடமே பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ப்ரிட்டா கேமராவைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

"என்ன எண்ணற?"

அவள் சொன்னாள். முப்பது நொடியைச் சொன்னாள், முகாமைச் சொன்னாள், சனிக்கிழமையையும் சொன்னாள். டெல்மர் தொப்பியைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார்.

பிறகு மெல்லச் சொன்னார். "அந்தப் பதினாலாம் நம்பர் இருக்காளே, கார்லி. அவ என் பொண்ணு. இது அவளுக்குக் கடைசி வருஷம். இன்னிக்கித் தோத்தா இதுதான் அவளோட கடைசி ஆட்டம்."

கார்லி மோசமாக ஆடினால் நன்றாக இருக்கும் என்று அதுவரை ப்ரிட்டா வேண்டிக்கொண்டிருந்தாள். இனி அப்படி வேண்ட முடியாது போலிருந்தது. ஆனால் அப்பாவைப் பார்க்க வேண்டும்.

இடைவேளையில் அம்மா பொரி மேசையிலிருந்து கைப்பேசியை நீட்டினாள். அப்பா.

"ப்ரிட்டாம்மா, யாரது என் எடத்துல? பச்சையா?"

"முட்டி வலிக்குதுப்பா அவருக்கு. நிக்க முடியல."

"சரி, இருக்கட்டும். என் தொப்பில வெண்ணெய்ப் பொரி கொட்டாம இருக்கச் சொல்லு."

"அப்பா, நான் கையாட்டினது பாத்தியா?"

"பாக்காம? நானும் ஆட்டினேனே. பக்கத்துல இருக்கறவன் காப்பியத் தட்டி விட்டுட்டேன்."

இரண்டாம் பாதியில் யாரும் முதுகைச் சாய்க்கவில்லை. கடைசி நிமிடத்தில் கொக்குகள் அறுபத்தொன்று, கீரிகள் அறுபது. ப்ரிட்டா எழுந்து நின்றுவிட்டாள். ஒன்பது நொடி. ஆறு நொடி. பந்து கார்லியின் கைக்குப் போனது. அவள் குதித்து எறிந்தாள். சங்கு ஊதும்போது பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு உள்ளே விழுந்தது.

பச்சை மூலை கத்தியது. டெல்மர் கத்தவில்லை. தொப்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ப்ரிட்டா கேமராவைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பாவின் கைப்பேசியில் இன்னும் பந்து எறியப்படவில்லை. அங்கே கொக்குகள் இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை இன்னும் இருந்தது. பத்து, பதினொன்று. அவள் மெதுவாக எண்ணிப் பார்த்தாள். எவ்வளவு மெதுவாக எண்ணினாலும் முப்பது வந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் டெல்மர் இல்லை. கார்லியைக் கட்டிக்கொள்ளப் போன கூட்டத்தில் அவரும் போயிருந்தார். தொப்பியும் இல்லை.

"அம்மா, தொப்பியக் காணோம்!"

"கோட்டு போட்டுட்டுப் போடீ," என்று அம்மா கத்துவதற்குள் ப்ரிட்டா வெளியே ஓடிவிட்டாள்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆஷ்பி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் படியில் டெல்மர் ஒரு காலை வைத்திருந்தார். கையில் தொப்பி.

"ஐயோ பாப்பா, என் கையோடயே வந்துடுச்சு பாரு. குடுக்கத்தான் எறங்கினேன்," என்றார். "உங்க பொண்ணுங்க நல்லா ஆடினாங்க. உங்கப்பா விஷயம்தான்..." அவர் தொப்பியை நீட்டினார்.

ப்ரிட்டா தொப்பியை வாங்கிக்கொண்டாள். பஸ்ஸைப் பார்த்தாள். ஆஷ்பி கிழக்கே இருக்கிறது. ரெட் பியூட் மேற்கே இருக்கிறது. நடுவில் இருப்பது ஒரே நெடுஞ்சாலை. அது நார்த்வேல் பெட்ரோல் பங்கை ஒட்டித்தான் போகிறது.

"சார், சனிக்கிழமை இந்த பஸ் எங்க ஊர் வழியாத்தானே போகும்?"

டெல்மர் காலைப் படியிலிருந்து கீழே வைத்தார்.

"நான் சின்னப் பொண்ணுதான், பாதி எடம் போதும். எங்கம்மாவுக்கு முழு எடம் வேணும்," என்றாள் ப்ரிட்டா. "பச்சைச் சட்டை போட மாட்டேன். ஆனா உங்களுக்கு எதிராக் கத்தவும் மாட்டேன்."

டெல்மர் பஸ்ஸுக்குள் தலையை விட்டு ஏதோ பேசினார். உள்ளே சிரிப்பும் சலசலப்பும் கேட்டன. அவர் வெளியே வந்தபோது மீசையெல்லாம் பனி.

"ரெண்டு எடம் இருக்கு. ஆனா ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. கீரிகளோட மொதக் கூடை விழற வரைக்கும் நீயும் எங்களோட நிக்கணும்."

"நிக்கறேன்."

"நாலு நிமிஷமானா?"

"இன்னிக்கி நின்னோமே," என்றாள் ப்ரிட்டா.

சனிக்கிழமை விடிவதற்கு முன் அம்மாவும் ப்ரிட்டாவும் பெட்ரோல் பங்கில் காத்திருந்தார்கள். பஸ் நிறையப் பச்சை. ப்ரிட்டாவின் தலையில் மட்டும் நீலத் தொப்பி, காதுவரை இறங்கிக் கிடந்தது. "கொக்கு ஒண்ணு வழிதவறி வந்திருக்கு," என்று யாரோ சொன்னார்கள். இன்னொருவர் அவளுக்குச் சூடான கோகோ ஊற்றிக் கொடுத்தார். ஆறு மணி நேரமும் ப்ரிட்டா சன்னலை விட்டு நகரவில்லை. வெளியே வெள்ளை வயலைத் தவிர ஒன்றுமில்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரெட் பியூட் கூடம் பெரியது. விருந்தாளிகள் பக்கம், மூன்றாம் வரிசையில், ஒரு கோட்டும் இரண்டு கையுறைகளும் மூன்று இடங்களைப் பிடித்து வைத்திருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தாடி புதிது. சிரிப்பு பழையதுதான்.

ப்ரிட்டா படிகளை எண்ணாமல் ஏறினாள். அப்பா அவளைத் தூக்கினார். இப்போது அவள் கனத்துப் போயிருந்தாள், இருந்தாலும் தூக்கினார். அவர்மேல் எண்ணெய் வாடையும் குளிர் வாடையும் அடித்தன. அம்மா இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ப்ரிட்டா தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்தாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. எல்லோரும் நின்றார்கள். கார்லி ஓடினாள், வளைந்தாள், எறிந்தாள். முதல் கூடை விழுந்தது. பச்சைக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். அம்மாவும் உட்கார்ந்தாள்.

ப்ரிட்டாவும் அப்பாவும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் பழக்க தோஷத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து, நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அங்கேயே இருந்தார். எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

"உக்காருங்கப்பா," என்று பின்வரிசையிலிருந்து டெல்மரின் குரல் வந்தது. "கூடை விழுந்தாச்சு. என் பொண்ணு தெரியல."

இருவரும் உட்கார்ந்தார்கள். ப்ரிட்டாவின் பக்கத்து இடத்தில் எப்போதும்போல் தொப்பி இருந்தது. அதற்குக் கீழே அப்பா இருந்தார்.