கறுப்புத் திரையில் இரண்டு வரி

காலை 10.20. தேர்வு மையத்தின் ஹாலில் அறுபது கணினிகளும் ஒரே சமயத்தில் ‘இணைப்பு இல்லை’ என்று கையை விரித்தன. வேலைக்கான ஆன்லைன் தேர்வு பாதியில் நின்றது. அரை மணி பொறுத்துப் பார்த்துவிட்டு ரத்து செய்தார்கள். யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று தெரிந்ததும் போலீஸுக்குப் போன் பறந்தது.

இன்ஸ்பெக்டர் பூட்டு உடைப்பு வழக்குகளில் புலி. ஆனால் இங்கே உடைந்தது எதுவும் இல்லை. ஹாலை ஒட்டிய சின்ன அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, பச்சை விளக்கு மினுக்கும் ஒரு ரவுட்டர். கணினியில் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது அவருக்கு.

“இதுல என்னம்மா திருட்டுப் போச்சு?”

“எதுவும் போகல சார்,” என்றாள் டெக்னீஷியன். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. “இந்த ரவுட்டர்தான் ஹாலை வெளியுலகத்தோட சேர்க்குது. எது எந்த வழியா போகணும்னு அதுக்குள்ள எழுதி வெச்சிருப்போம். அதை அழிச்சிட்டாங்க. கடைசி ரெண்டு வரி பாருங்க. ‘எரேஸ்’னு ஒரு கட்டளை, அழிக்கிறதுக்கு. ‘ரீலோட்’னு ஒண்ணு, அணைச்சுத் திரும்பக் கிளப்புறதுக்கு. என்கிட்ட நகல் இருந்துச்சு, ஏத்திட்டேன். அதுக்குள்ள தேர்வு போயிடுச்சு.”

“யார் பேர்ல நடந்திருக்கு?”

“என் பேர்லதான் சார். ஆனா நான் செய்யல. கீழே யுபிஎஸ் பேட்டரி பீப் பீப்னு கத்துச்சு, பார்க்கப் போயிருந்தேன்.”

“கூட யாரு?”

“யாருமில்ல.”

அவள் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான். இந்தப் பழி விழுந்தால் இனி யாரும் அவளை ஒரு சுவிட்சைக்கூடத் தொட விடமாட்டார்கள்.

அறைச் சாவி வைத்திருந்த இன்னொருவர் மேற்பார்வையாளர். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை.

“எனக்கு இதுல ஆனாவும் தெரியாது ஆவன்னாவும் தெரியாது சார். கதவுகிட்ட நின்னு பார்த்ததைச் சொல்றேன். இவங்க வேகமா வந்து உட்கார்ந்தாங்க. பேர் அடிச்சாங்க. பாஸ்வேர்ட் அடிச்சாங்க, நட்சத்திரம் நட்சத்திரமா வரிசையா விழுந்துச்சு. அப்புறம் என்னமோ தட்டினாங்க. எல்லாம் படுத்துடுச்சு.”

“பொய் சார்!” என்றாள் அவள்.

கண்ணால் கண்ட சாட்சி. கட்டளை அவள் பேரில். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் புரியாத குற்றத்துக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு போவது இன்ஸ்பெக்டருக்குத் தொண்டையில் முள்ளாக உறுத்தியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் உள்ளே நுழையணும்னா என்ன செய்யணும்?”

அவள் புதிதாக ஒரு கறுப்புத் திரையைத் திறந்து பேரையும் பாஸ்வேர்டையும் சொன்னாள். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். பேர் விழுந்தது. பாஸ்வேர்டுக்கு வந்ததும் திரை அசையவே இல்லை. ஓங்கிக் குத்தினார்.

“கீபோர்டு செத்துப் போச்சும்மா.”

“இல்ல சார், உள்ளே போகுது, காட்டாது. எத்தனை எழுத்துன்னுகூடப் பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியக் கூடாதுல்ல? எண்டர் தட்டுங்க.”

தட்டினார். ஓர் அம்புமுனைக் குறி வந்து கண் சிமிட்டியது.

“இந்தக் குறி இருந்தா வேடிக்கை மட்டும் பார்க்கலாம். இன்னொரு பாஸ்வேர்ட் குடுத்தா # வரும். அப்புறம் எதை வேணாலும் அழிக்கலாம்.”

“அழிச்ச வரிக்கு முன்னாடி என்ன குறி இருக்கு?”

“#தான்.”

இன்ஸ்பெக்டர் பழைய திரையை மேலே உருட்டச் சொன்னார். “இதுல எத்தனை தடவை நுழைஞ்சிருக்கு?”

“ஒரே தடவை. காலையில வந்ததும் ரெண்டு பாஸ்வேர்டும் குடுத்து # வரைக்கும் போனேன்.” தலையைக் குனிந்தாள். “வெளியேறாம அப்படியே விட்டுட்டுக் கீழே போயிட்டேன். அது என் தப்புதான் சார்.”

குழப்பம் சட்டென்று விலகியது. இன்ஸ்பெக்டர் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார்.

“நட்சத்திரம் எங்க சார் விழுந்துச்சு? இதுல ஒரு புள்ளிகூட விழாது. மத்த இடத்துல பார்த்த பழக்கத்துல சேர்த்துச் சொல்லிட்டீங்க. இவங்க திரும்ப நுழையவே இல்ல. திறந்து கிடந்த திரையில அந்த ரெண்டு வரியை அடிச்சவருக்குப் பாஸ்வேர்டே தேவைப்படல. அதனாலதான் இங்க அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியல.”

மேற்பார்வையாளர் அறைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“போன வாரம் இவங்க பழசை அழிச்சுப் புதுசா ஏத்தினப்போ பார்த்தேன். அந்த ரெண்டு வார்த்தை மனசுல நின்னுடுச்சு.” குரல் உடைந்தது. “ஹால்ல என் பொண்ணு சார். அவ இங்க எழுதுறான்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. முகத்தைக் கையால மூடிட்டு உட்கார்ந்திருந்தா. எழுத முடியாம தவிக்கிறான்னு நினைச்சேன். தேர்வு நின்னா மறுபடி வைப்பாங்களே... பெத்த மனசு சார்.”

“உங்க பெத்த மனசுக்கு இந்தப் பொண்ணா பலி?” என்றார் இன்ஸ்பெக்டர். டெக்னீஷியனிடம் திரும்பினார். “நீ வீட்டுக்குப் போம்மா. இனிமே எழுந்திரிச்சா ரவுட்டரை விட்டு வெளியேறிட்டு எழுந்திரு.”

மேற்பார்வையாளரை வெளியே அழைத்து வந்தார். தாழ்வாரத்தில் ஒரு பெண் ஓடி வந்து மேற்பார்வையாளரின் கையைப் பிடித்தாள்.

“எங்கப்பா போனீங்க? எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டேன்ப்பா, அத்தனையும் தெரிஞ்ச கேள்வி. சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு. அனுப்பப் போறேன், எல்லாம் போயிடுச்சு.” பக்கத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்துக் கைகூப்பினாள். “சார், எந்தப் பாவின்னு கண்டுபிடிங்க சார். அவனை விட்றாதீங்க.”

இன்ஸ்பெக்டர் அவள் அப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.