கால் நீட்ட இடம்

குத்தாலத்து அரிசி ஆலையிலிருந்து ஆஷ்லினின் அப்பா ஆண்டனி மாதம் இரண்டு நடை நாக்பூருக்கு லாரி ஓட்டுகிறார். பின்னால் நானூறு மூட்டை அரிசி போகும். முன்னால் கேபினுக்குள்ளும் ஒரு மூட்டை போகும். அது அம்மா ரோஸ்லின் கொடுத்தனுப்புவது.

அரிசி லாரிக்கே அரிசி கட்டிக் கொடுக்கிற ஆளை ஆலையில் யாரும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. பின்னால் இருப்பது ஊரார் அரிசி, முன்னால் இருப்பது நம் வீட்டு அரிசி என்பார். வடக்கே போனால் நம் ஊர்ச் சோறு கிடைக்காதே என்பார்.

போன நடையில்தான் அந்தச் சங்கதி நடந்தது. ஐதராபாத்தைத் தாண்டி, பட்டப்பகலில், ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு ஒரு நொடி கண் செருகிவிட்டது. லாரி சாலையை விட்டு மண்ணில் இறங்கியது. பக்கத்தில் இருந்த இரண்டாவது டிரைவர் ஷேக் பரீத் கத்தியிராவிட்டால் கவிழ்ந்திருக்கும்.

வீட்டில் அதைச் சொன்னபோது பத்து வயது ஆஷ்லின் சோற்றுத் தட்டை ஒதுக்கி வைத்தாள். அதற்கு முந்தைய இரவு தூங்கவில்லையா என்று கேட்டாள். அரைகுறையாகத் தூங்கியதாக அப்பா மழுப்பினார்.

கேபினில் வசதி போதவில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். கும்பகோணம் போய்த் தடிமனான இலவம்பஞ்சு மெத்தை, சின்ன மின்விசிறி, இரண்டு டின் முறுக்கு எல்லாம் வாங்கி வந்தார். ஆஷ்லின் தன் பங்குக்குப் பழைய துணிகளை அடைத்து ஒரு பெரிய தலையணை தைத்தாள். அதன் மேல் சிவப்பு நூலில் ‘அப்பா’ என்று எழுதினாள். கையில் ஊசி நான்கு முறை குத்தியது.

லாரி கிளம்பும் நாள். ஆஷ்லின் கேபினில் ஏறி, இருக்கைக்குப் பின்னால் இருந்த படுக்கைப் பலகையில் மெத்தையை விரித்தாள். ஒரு முனையில் தலையணையை வைத்துப் படுத்துப் பார்த்தாள். மறுமுனையில் இருந்த அரிசி மூட்டையில் அவள் கால் இடித்தது.

ஆஷ்லின் நாலரை அடி. அப்பா ஆறடி.

“நீங்க இதுல எப்படிப்பா படுப்பீங்க?”

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். “மடங்கித்தான். கால் மரத்துப்போகும், அப்புறம் தூக்கம் வராது. அம்மாகிட்ட சொல்லிடாத. ஆசையா கட்டித் தர்றா.”

ஆஷ்லினுக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் சொன்னால் அம்மாவின் முகம் வாடிவிடும். சொல்லாமல் இருந்தாலோ லாரி மறுபடி மண்ணில் இறங்கும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முறுக்கு டின்களோடு வந்து நின்றார்.

“அம்மா, மெத்தை எப்படி இருக்குன்னு நீ படுத்துப் பாரேன்.”

அம்மா சிரித்துக்கொண்டே ஏறினார். அவரும் நல்ல உயரம். படுத்தார். முழங்கால் மேலே எழும்பியது. ஒருக்களித்துப் பார்த்தார். காலால் மூட்டையை நெட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

“ஏங்க, நீங்க தினமும் இப்படியா படுக்கிறீங்க?”

அப்பா டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அதுவே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரீத்தை உதவிக்குக் கூப்பிட்டு மூட்டையை இறக்கினார். எட்டு நாளைக்கு வேண்டிய அரிசியை மட்டும் ஒரு பையில் அளந்து போட்டு இருக்கைக்கு அடியில் தள்ளினார். இரண்டு டின் முறுக்கும் ஒரு டின் ஆயிற்று.

அப்பாவைப் படுக்கச் சொன்னார்கள். படுத்தார். கால் இன்னும் கொஞ்சம் மடங்கியே இருந்தது.

எல்லாரும் தலையணையைப் பார்த்தார்கள். அம்மா அதை எடுக்கப் போய், ஆஷ்லினைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“தலையணை இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு” என்றார் அப்பா.

அரிசி மூட்டையைப் பற்றியும் அப்பா இத்தனை நாள் இதே குரலில்தான் சொல்லியிருப்பார் என்று ஆஷ்லினுக்குப் புரிந்தது. மனசு வலிக்கத்தான் செய்தது. தலையணையை உருவி எடுத்துவிட்டு, ஒரு போர்வையை மடித்து அப்பாவின் தலைக்குக் கீழே வைத்தாள்.

அப்பா மெல்லக் காலை நீட்டினார். கடைசி வரை நீட்டினார்.

கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பரீத் ஏதோ கேட்டார். பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. அம்மாவும் ஆஷ்லினும் இறங்கியதும் பரீத் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, நேரம் வந்ததும் முதல் முறைக்குத் தானே வண்டியை எடுத்தார்.