வெயிலில் கத்திய மழைப்பெட்டி

கீ... கீ... கீ... கீ!

களத்து ஓரத்தில் கட்டியிருந்த பெட்டி அலறியதுதான் தாமதம், சின்னம்மாள் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினார். முறத்தைப் போட்டுவிட்டு முனியம்மாள் ஓடினார். இன்னும் நான்கு பெண்கள் ஓடினார்கள். களம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்த புளியைக் கூட்டிக் குவித்து, தார்ப்பாயை இழுத்து மூடினார்கள்.

மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தால், வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

"மழை எங்க புள்ள?" என்றார் சின்னம்மாள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் கவிப்பிரியா, முனியம்மாளின் மகள். பெட்டி அவளும் வகுப்புத் தோழன் ஜாவீத்தும் பள்ளி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்து கட்டியது. இருவரும் பெட்டியிடம் ஓடினார்கள்.

பெட்டியிலிருந்து வயரில் தொங்கிய சின்னத் தகட்டை ஒரு வெள்ளாடு கண்ணை மூடி ருசித்து நக்கிக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் கத்தும் மழை சென்சார் அது. ஆட்டின் எச்சிலும் ஈரம்தானே!

"ஆட்டு மழை பெய்யுதுங்க அக்கா!" என்றான் ஜாவீத். எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாள் சிரிக்கவில்லை.

அரூர்ப் பக்கம் மரங்களைக் குத்தகைக்கு எடுத்து, ஆறு பெண்களும் சேர்ந்து உலுக்கிப் பொறுக்கிய புளி அது. நனைந்தால் கறுத்துப்போகும், பூஞ்சை பிடிக்கும். ஒரு வருஷப் பாடு வீணாகும்.

மறுநாள் மாலை நிஜமாகவே மழை வந்தது. முதல் துளி பட்டதும் பெட்டி சரியாகக் கத்தியது. ஆனால் ஓடிவந்து மூடுவதற்குள் இரண்டு குவியல் நனைந்துவிட்டது.

சின்னம்மாள் கொண்டையை அவிழ்த்துப் பிழிந்தார். "மழை பெய்யுதுன்னு சொல்ல மிஷின் எதுக்கு கண்ணு? அதான் என் மண்டையே சொல்லுதே! வரப்போவுதுன்னு முன்னாடியே சொன்னாத்தான ஆவும்?"

சின்னம்மாள் அத்தை கேட்டது நியாயமாகவே இருந்தது கவிப்பிரியாவுக்கு. பெட்டி நல்ல பெட்டிதான். அவள் தேர்ந்தெடுத்த சென்சார்தான் தப்பு.

ஆய்வகத்தில் இன்னும் இரண்டு சென்சார்கள் இருந்தன.

"வெளிச்சத்தை அளக்கறத மாட்டலாம். மேகம் வந்தா இருட்டுமில்ல?" என்றான் ஜாவீத்.

பள்ளி மைதானத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ஏழு குட்டி மேகங்கள் சூரியனைக் கடந்தன. பெட்டி ஏழு முறை கத்தியது. விளையாட்டு ஆசிரியர் விசிலோடு துரத்தினார்.

"அப்ப இதுதான்," என்று கவிப்பிரியா வெப்பநிலை சென்சாரை எடுத்தாள்.

"வெயில் சூட்டை அளக்கறத வச்சு மழையப் புடிக்கப் போறியா?"

"நேத்து மழைக்கு முன்னாடி ஒரு காத்து வந்துச்சே. சில்லுன்னு இருந்துச்சு. எங்கம்மாகூட 'அப்பாடா'ன்னாங்க. காத்து முன்னால வந்துச்சு, மழை பின்னால வந்துச்சு!"

ஜாவீத் தலையைச் சொறிந்தான். "அட, ஆமா!"

வைத்துப் பார்த்ததில், மேகம் மறைத்தபோது நிழலில் ஒரு டிகிரிதான் குறைந்தது. அதற்குப் பெட்டி கத்தக்கூடாது. பத்து நிமிடத்துக்குள் ஐந்து டிகிரி குறைந்தால் மட்டும் கத்தும்படி செய்து, களத்துக் கொட்டகையின் கூரைக்கு அடியில், காற்று பாயும் இடமாகப் பார்த்துக் கட்டினார்கள்.

சனிக்கிழமை மதியம். வெயில் சுள்ளென்று அடித்தது.

கீ... கீ... கீ!

ஒருவரும் அசையவில்லை. "ஆட்டை வெரட்டு புள்ள," என்று ஒரு குரல் வந்தது.

கவிப்பிரியா பெட்டியின் திரையைப் பார்த்தாள். முப்பத்தெட்டு டிகிரி முப்பத்து இரண்டாகியிருந்தது. அவள் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தாள். "அத்தை, மூடிடலாங்க!"

"நல்லா காத்து வீசுதுன்னு இப்பத்தான் உக்காந்தோம். வெயிலு இப்படிக் காயுது, மூடச் சொல்றியே!"

"அந்தக் காத்துதான் அத்தை! மழை வரலைன்னா ஒரு மூட்டைப் புளிய நான் ஒத்தையா ஒடச்சு, கொட்டை எடுத்துத் தர்றேன்."

"ஒரு மூட்டையா? வெரலு வீங்கிடும்டீ!"

"வீங்காது. மழை வந்துடும்."

சின்னம்மாள் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். எல்லாவற்றையும் மூடி, ஓரங்களில் கல் வைத்தாயிற்று.

ஒரு நிமிடம். மூன்று நிமிடம். வெயில் குறையவே இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஒரு மூட்டையில எத்தனை கொட்டை இருக்கும்?" என்று ஜாவீத் காதருகில் கேட்டான்.

"நீயே எண்ணிக்க. எனக்கு வேலை இருக்காது," என்றாள் கவிப்பிரியா. சின்னம்மாளின் உதடுகள் மட்டும் ஏதோ முணுமுணுத்தபடி இருந்தன.

ஆறாவது நிமிடம் மலைப் பக்கமிருந்து புழுதி எழும்பியது. ஏழாவது நிமிடம் இடி. எட்டாவது நிமிடம் எல்லோரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். மழை கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் முனியம்மாள் தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். புளி நனையாமல் அப்படியே இருந்தது. "ஒரு சொட்டு எறங்கலடீ!" என்று மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

கவிப்பிரியா சின்னம்மாளிடம் திரும்பினாள். "அத்தை, அப்பலேர்ந்து என்ன முணுமுணுத்தீங்க?"

"புளி காயிற நாள்ல மழை வரணும்னு நான் சாமிய வேண்டிக்கிட்டது இன்னைக்குத்தான் கண்ணு. நீ தோத்துடக் கூடாதில்ல!"