மூச்சுக் காவல்

இந்தக் காலத்தில் கதவைத் தட்டுகிறவன் எவனும் உண்மையான காரணத்தோடு தட்டுவதில்லை என்பது பலவேசத்தின் முடிவு. முன்பெல்லாம் பொய் சொல்ல வருகிறவனுக்கு முகத்திலாவது கொஞ்சம் வியர்க்கும். இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பேசுகிறார்கள்.

தட்டியவன் ஞானதுரை. செவ்வாயில் பலவேசத்துக்கு இருந்த ஒரே பக்கத்து ஆள். எதிர்க் கம்பெனிக்காரன். கால் மணி நேரம் மணலில் நடந்து வந்திருந்தான்.

அவன் குடிலில் மூச்சுக்காற்று தரும் காற்றுவடிப்பி நின்றுவிட்டதாம். வடிதகட்டைத் தூசி அடைத்துவிட்டதாம். சட்டையில் அரை மணிக்குத்தான் காற்று மிச்சமாம். பலவேசத்திடம் மாற்றுத் தகடு ஒன்று இருக்கிறதே, அதைக் கொடுத்தால் போதுமாம். எல்லாவற்றையும் பேசுகுழல் வழியாகக் கேட்டுக்கொண்டு பலவேசம் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

செவ்வாயைத் தோண்டுவது, பாறையை அறுப்பது, வானத்தை அளப்பது எல்லாமே எந்திரங்களின் வேலை. அவற்றுக்குச் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். பிறகு மனிதனை எதற்கு அனுப்பினார்கள் என்றால், மூச்சு விட. ஒரு மனிதன் பன்னிரண்டு வருடம் விடாமல் மூச்சு விட்ட நிலம் அவனை அனுப்பியவருக்குச் சொந்தம் என்று பூமியில் ஒரு சட்டம். குடில் சுவரில் இருந்த மூச்சுக்காட்டி ஒவ்வொரு மூச்சையும் எண்ணிப் பூமிக்கு அனுப்பும். வெளிக்கதவைத் தாண்டி இன்னொருவன் மூச்சு பதிவானால் நிலம் தகராறில் விழும். அதுவரை எண்ணியதெல்லாம் வீண்.

படித்த விஞ்ஞானிகளைத்தான் முதலில் அனுப்பினார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்து காப்பி குடித்தார்கள். நான்கு நிலம் போயிற்று. அப்புறம்தான் வழக்கு நிலங்களில் குடிசை போட்டு உட்கார்ந்து அனுபோகம் காத்த ஆட்களைக் கம்பெனிகள் தேடின. ஐந்தாம் வகுப்போடு நின்ற பலவேசம் நாற்பது வருடம் திருநெல்வேலிச் சீமையில் அந்தத் தொழில் பார்த்தவர். யாரையும் நம்பாத ஆள் என்று சோதித்துப் பார்த்துத்தான் எடுத்தார்கள். பன்னிரண்டு முடித்துத் திரும்பினால் மகளுக்கு வள்ளியூரில் வீடு. பதினொன்று முடிந்திருந்தது.

"அண்ணாச்சி, சட்டத்தையே எடுத்துட்டாவ. ஒங்க கம்பெனியும் சொல்லியிருக்கும்லா? இனி மூச்சு வேண்டாம், நெலத்துல எந்திரம் இருந்தாலே போதுமாம். கூட்டிட்டுப் போக கப்பல் வருதாம். பெறவு என்ன பயம்?"

சொல்லியிருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கம்பெனி மேலாளரின் குரலிலேயே சேதி வந்தது. குரலைச் செய்வது இன்றைக்கு என்ன பெரிய வித்தை? பலவேசம் பதிலே அனுப்பவில்லை.

"தகட்டை ரெண்டு கதவுக்கும் நடுவுல வச்சிட்டு உள்கதவைச் சாத்திக்கிடுங்க. நான் எடுத்துட்டுப் போயிருதேன்."

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்தது. இளவயதில் நாங்குநேரிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடிசை வாசலில் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் அவர். எதிராளியின் காவல்காரன் செம்பில் தண்ணீரோடு வெளியே ஓடி வந்தான். அவன் குனிவதற்குள் இவருடைய ஆட்கள் உள்ளே புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"நான் போடாத வேசமாடே?" என்றார்.

ஞானதுரை கொஞ்ச நேரம் கெஞ்சினான். தன் பிள்ளைகளின் பெயரைச் சொன்னான். பிறகு கையால் தட்டினான், பிறகு தலையால். சத்தம் நின்றபோது, அடுத்து என்ன செய்வான் என்று பலவேசம் காது கொடுத்துக் காத்திருந்தார். ஒன்றும் செய்யவில்லை. கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டார்.

இருபதாம் நாள் கப்பல் வந்து இறங்கியது. கேப்டன் யாஸ்மின் குடிலுக்கு அருகே வந்து, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

சன்னல் வழியாக அவள் ஒருத்திதான் என்று பார்த்துக்கொண்டு பலவேசம் வெளியே வந்தார். கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது யாரு?"

"பக்கத்து ஆளு."

"சட்டத்தை எடுத்து எட்டு மாசமாச்சே ஐயா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"சொன்னாவ."

ரெண்டு பேரைக் கூட்டிப்போகத்தான் வந்ததாகச் சொன்னாள். இனி இந்தப் பக்கம் கப்பலும் வராது, தகடும் வராது. ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். கம்பெனியின் கடிதத்தைக் காட்டினாள். மகளின் படம் பேசியது: "அப்பா, ஏறி வாங்கப்பா."

பலவேசம் கப்பல் வரைக்கும் நடந்தார். அதன் காலைத் தட்டிப் பார்த்தார். உள்ளே இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. மகளின் படத்தை மறுபடி போடச் சொன்னார். குரல் சரியாகவே இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான் ஏறுனதும் உள்ள யாரு உக்காருவா?" என்றார்.

"யாரும் உட்கார மாட்டாங்க. அந்த இடமே இனி யாருக்கும் வேண்டாம்."

"வேண்டாத எடத்துக்கா இவ்ளோ தூரம் வந்திய?"

"உங்களுக்காகத்தான் ஐயா." தனக்காக ஒருத்தி இவ்வளவு தூரம் வருவாள் என்பதைப் பலவேசம் நம்பவில்லை. திரும்பி நடந்தார். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வாசலில் ஞானதுரையின் கால்கள் வழியை மறித்துக் கிடந்தன. அவற்றை ஒதுக்கும் முன் பலவேசம் குனிந்து, கண்ணாடிக் கூண்டில் ஆவி ஏதும் படிகிறதா என்று நெடுநேரம் பார்த்தார். படியவில்லை. அப்படியும் முதுகைக் காட்டாமல், அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய்த் தாழ் போட்டார்.