லிபினின் முகம்

நீட்டிய காப்பி டம்ளரை ஜெபகனி புறங்கையால் தட்டிவிட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பி மருமகள் குளோரியின் கையில் கொட்டியது.

“ஒனக்க கையால எனக்கு இனி பச்சத் தண்ணி கூட வேண்டாம்ட்டி... எனக்க பிள்ளைய ரெண்டாந் தடவையும் கொன்ன கையில்லா அது!”

“மாமி, நான் ஒண்ணும் செய்யல்ல...”

“பின்ன ஆரு செஞ்சா? தெனமும் ஈரத் துணியும் கொண்டு அந்த ரூமுக்குள்ள போறது நானா? தொடச்சுத் தொடச்சு அதுக்குள்ள தண்ணிய விட்டுட்டு நிக்கியா, மூதி!”

முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளைக் கயிற்றில் விரித்துக்கொண்டிருந்த ஆன்ட்ரூஸ் திரும்பினான். மனைவியின் சிவந்த கையைப் பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த ஷீட்டை எடுத்தான்.

நான்கு நாளாகக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அது ஆன்ட்ரூஸின் தம்பி லிபின் வாங்கிப் போட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுடைய இரண்டாம் வருட நினைவு ஜெபம். பேனர் அடிக்கப் படம் வேண்டும் என்று புதுக்கடை அச்சகத்திலிருந்து ஆள் வந்து கேட்டுவிட்டுப் போயாயிற்று. ஆனால் லிபினின் படங்கள் எல்லாமே அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன. ஷார்ஜாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவனை ஆணியடித்த பெட்டியில் கொண்டுவந்தார்கள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவள் கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தாள் ஜெபகனி, குளோரியைக் கைகாட்டி. “மைனிக்காரி விரட்டினதுலதான் எனக்க பிள்ள வெளிநாடு போனான். வீடும் தோட்டமும் அவளுக்க மாப்பிளைக்கு மட்டும் வேணுமாம்!” கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள்.

உண்மை அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. புறப்பட்ட அன்று மத்தியானம் லிபின் கேமராவின் முன் உட்கார்ந்து பேசிவைத்த நான்கு நிமிடம்! அடக்கம் முடிந்த வாரத்தில் குளோரி அதைக் கண்டெடுத்தாள். ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய ரேஷன் கார்டு நகல்கள் கிடந்த ஃபோல்டரில் யாரும் பார்க்காதபடி ஒளித்து வைத்தாள். அது வெளியே வந்தால் அவள் பெயர் மீளும். ஆனால் மாமி பிழைப்பாளா...?

“எனக்க பிள்ளைக்க முகத்தோட வந்தா இந்தப் படி ஏறு. இல்லேங்கி அப்பிடியே ஒனக்க அம்மைக்க வீட்டுக்குப் போயிரு!”

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு குளோரி பஸ்ஸில் மார்த்தாண்டம் போனாள்.

கிருஷ்ணமணியின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதன் முதுகில் இருந்த பச்சைத் தகட்டை எடுத்துப் புரட்டினார். மின்ன வேண்டிய புள்ளிகள் எல்லாம் கரியாய்க் கறுத்திருந்தன.

“வீட்ல ரப்பர் ஆசிட் உண்டா?”

“உண்டு.”

“எங்க வச்சிருக்கிய?”

குளோரி போர்வையை மடிக்கத் தொடங்கினாள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டை வெளியே வைத்தால் மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஆள் எடுத்துப் போய்விடுவான் என்று, அந்தக் கேனைக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் வைத்துக் கதவைப் பூட்டுகிறவள் ஜெபகனிதான். மூடி சரியாகப் பொருந்தாத கேன்.

“தண்ணி ஒண்ணும் போகல்ல, கேட்டியளா? ஆசிட்டுக்க ஆவி தின்னிருக்கு. இந்தப் பக்கம் எத்தன வீட்ல இதே கததான்!”

பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றை எடுத்து, கறுத்த இடங்களைப் பொறுமையாகத் தேய்த்தார். மறுபடி பூட்டித் தன் கம்ப்யூட்டரில் இணைத்தார். உள்ளே ஏதோ முனகிச் சுழன்றது.

“வந்துட்டு! ஆனா எப்ப வேணும்னாலும் நிக்கும். படம் மட்டும் போதுமா?”

திரையில், பேச்சிப்பாறை அணையில் ஈரத் தலையோடு நின்று லிபின் சிரித்தான். அதற்கும் கீழே ஒரு மூலையில் அந்த நான்கு நிமிடம். குளோரியின் விரல் மெல்ல உயர்ந்தது. திரையில் அதைத் தொட்டுக் காட்டினாள்.

“இது... இது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. விட்டிருங்க.”

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் ஜெபம் முடித்ததும் குளோரி மார்த்தாண்டத்திலிருந்து கொண்டுவந்த சிடியை ஆன்ட்ரூஸ் டிவியில் போட்டான். படம் படமாக லிபின் வந்தான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

“பாத்தியளா... இந்தச் சிரிச்ச முகத்தத்தான் இவ தண்ணிய ஊத்தி அழிக்கப் பாத்தா!” என்று ஜெபகனி மாரில் அடித்துக்கொண்டாள்.

எல்லாக் கண்களும் குளோரியின் மேல் வந்து விழுந்தன. ஆசிட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் காப்பி டம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள்.

படங்கள் தீர்ந்தன. டிவி ஒரு நொடி இருண்டது. திடீரென்று லிபின் அசைந்தான்; தொண்டையைச் செருமினான். ஹார்ட் டிஸ்க் நின்றுபோனால் பிறகு கேட்டாலும் கிடைக்காதே என்று கிருஷ்ணமணி ஒன்றையும் விடாமல் ஏற்றியிருந்தார்!

குளோரி சுவிட்சை நோக்கிப் பாய்ந்தாள். ஜெபகனி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

“தொடாதட்டி! இப்பமும் எனக்க பிள்ளைக்க வாயப் பொத்தப் பாக்கியா? பேசட்டும்... எல்லாரும் கேக்கட்டும்!”

லிபின் பேசினான்.

“மைனி... கீரிப்பாறை ரப்பர் கம்பெனில வேல கெடச்சும் அம்மா விடமாட்டேங்கா. பக்கத்து வீட்டு ஜிபின் துபாய்ல இருக்கான், நீ இங்க பால் சொமக்கியான்னு சொல்லி மூணு நாளா பட்டினி கெடக்கா. நான் போகல்லேங்கி செத்துருவாளாம். நேத்து நீங்க எனக்காக அம்மாக்க காலப் புடிச்சிய இல்லியா... அம்மா ஒங்கள காலால சவிட்டித் தள்ளினத நான் ஜன்னல் வழியா பாத்தேன் மைனி. எனக்குப் போக மனசில்ல... பயமா இருக்கு...”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. உபதேசியார் வேதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுண்டலையும் காப்பியையும் தொடாமல் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். ஆன்ட்ரூஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

ஜெபகனியின் கை குளோரியின் முடியை அப்போதும் பிடித்திருந்தது. விட மறந்துபோயிருந்தது.

“நீ இத முன்னமே பாத்தியா?”

“பாத்தேன் மாமி.”

“ஊரு முழுக்க ஒன்ன நாறடிச்சேனே... ஏன் மிண்டாம இருந்த?”

“சொன்னா அவன் திரும்பி வருவானா மாமி?... நீங்களும் போயிருவிய.”

ஆன்ட்ரூஸ் டிவியை அணைக்க வந்தான்.

“வை அங்க! இன்னொரு மட்டம் போடு.”

மறுபடியும் ஓடியது. “பயமா இருக்குன்னு சொல்லுகான்... எனக்க பிள்ள பயந்துட்டேயில்லா போயிருக்கான்...” என்று முணுமுணுத்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மூன்றாம் முறை ஓடும்போது, நடுவில், முடியை விட்டாள். அந்தக் கை இருட்டில் துழாவுவது போலக் குளோரியின் தோளையும் நெஞ்சையும் தடவிக்கொண்டு இறங்கியது.

“எங்க மக்கா சவிட்டினேன்?”

ஏட்டி, மூதி என்றல்லாமல் அவள் வாயிலிருந்து வேறு சொல் கேட்டறியாத குளோரி நிமிர்ந்து மாமியின் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லு மக்கா... எங்க?”

குளோரி அந்தக் கையை எடுத்துத் தன் இடது விலாவில் வைத்தாள். ஜெபகனி குனிந்து அதே இடத்தில் முகத்தைப் புதைத்தாள். அடக்கத்தன்று கூட வராத ஒரு சத்தம் அவளுக்குள்ளிருந்து அப்போது வந்தது.

குளோரியின் கை வெகுநேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அந்த நரைத்த தலையின் மேல் மெல்ல இறங்கியது.