பிரேமன் நகரத்து ஹைக்கே

முதியவர் ஓட்டோவுக்கு முட்டை வேகவைத்துக்கொண்டிருந்த ஹைக்கேயின் வலது கால் சும்மா நிற்கமாட்டேன் என்றது. ஜெர்மனியில், பிரேமன் நகரத்துச் சமையலறை ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது தொலையுடலின் கால். ஆட்டியவள் சங்கரன்கோவிலில், தொலையுடல்களை ஓட்டும் கூடத்து மேடையில், தலை முதல் பாதம் வரை உணர்வுறை மாட்டிக்கொண்டு நின்ற சுடலைவடிவு. இவள் குனிந்தால் அங்கே அது குனியும்; அங்கே சட்டி சுட்டால் இங்கே விரல் சுடும்.

இன்றைக்குப் பரிசோதகர் வருகிறார். அவர் தலையசைத்தால் வேலை நிரந்தரம். முகத்தைச் சுளித்தால் வேடம் போய்விடும்.

தொலையுடல்கள் வந்த புதிதில் வேடமெல்லாம் கிடையாது. அவற்றை ஓட்டும் ஆளோட்டிகள் சொந்தப் பெயரில்தான் வேலை பார்த்தார்கள். இனி உழைப்பு மட்டும் கடல் தாண்டும், மனிதர் வீட்டிலேயே இருக்கலாம் என்று அமைச்சர்கள் மேடைக்கு மேடை கண்கலங்கினார்கள். ஆனால் உடல் ஒன்று, கை ஒன்று, முட்டையும் ஒன்றாக இருந்தும், நெஞ்சில் ‘சுடலைவடிவு’ என்று எழுதியிருந்தால் அங்குள்ள பெரியவர்கள் இரண்டு மதிப்பெண் போட்டார்கள். ‘ஹைக்கே’ என்று எழுதியிருந்தால் ஐந்து. மதிப்பெண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு கூலியும் இறங்கியது. அறிஞர்கள் மாநாடு கூட்டி, இதற்குச் ‘சமூகக் காரணிகள்’ என்று பெயர் சூட்டி, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். நிறுவனம் மாநாடு கூட்டவில்லை. குரல்வேடம் என்றொரு கருவியைச் செய்தது. வடிவு சங்கரன்கோவில் தமிழில் பேசினால், அங்கே அசல் பிரேமன் ஜெர்மன், லேசான ஜலதோஷக் கரகரப்போடு ஒலிக்கும். வேடம் கலைந்தால் பழைய பெயர், பாதிக் கூலி.

“ஹைக்கே, உன் போன்ற உள்ளூர்க்காரி வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி” என்றார் ஓட்டோ. கருவி அவர் பேச்சை வானொலிச் செய்தி மாதிரித் தமிழாக்கி அவள் காதில் ஊற்றும். “முன்பு வந்தது ஏதோ அயல்நாட்டு உடல். முட்டை வேகவைக்கவே தெரியாது.”

முன்பு வந்ததும் வடிவுதான். முட்டையும் அப்படியேதான் வெந்தது.

பரிசோதகர் வெர்னரும் தொலையுடலில்தான் வந்தார். பெர்லின் அலுவலகத்திலிருந்து ஓட்டுகிறாராம். சுவரைத் தடவினார், மாத்திரைப் பெட்டியை ஆட்டினார், ஓட்டோவின் நகத்தைக்கூடப் பார்த்தார். வடிவுக்கு உணர்வுறைக்குள் வேர்த்து ஊற்றியது. தட்டோடு திரும்பியபோது, கட்டிலடியில் கிடந்த கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று அவள் காலில் பட்டது.

யோசிக்கவே இல்லை. குனிந்தாள், புத்தகத்தைத் தொட்டாள், விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஓட்டோ முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னர் பார்த்துவிட்டார்.

“ஹைக்கே, தயவுசெய்து சமையலறைக்கு வரவும்.”

போச்சு என்று நினைத்துக்கொண்டே போனாள். வெர்னர் கதவைச் சாத்தினார். கழுத்தோரம் எதையோ திருகினார். அவள் காதில் வானொலித் தமிழ் நின்றது.

“ஏ தாயி, பொஸ்தகத்துல கால் பட்டதுக்கா கண்ணுல ஒத்துன?”

வடிவு ஓர் அடி பின்வாங்கினாள்.

“பயப்படாத. நானும் வேடந்தான். பெர்லினாவது மண்ணாவது! புளியங்குடியில உக்காந்துருக்கேன். வெள்ளைக்காரனா இருந்தா நீ ஏதோ குனிஞ்ச, நிமிந்தன்னு விட்டுட்டுப் போயிருப்பான். நமக்குல்லா தெரியும்!”

போன உயிர் திரும்பி வந்தது. அவளும் கழுத்தைத் திருகினாள். “அண்ணாச்சி, நான் செத்தே போனேன்” என்று சிரித்தாள்.

“எந்தூரு நீ?”

“சங்கரன்கோவில் பக்கம்.”

“பக்கம்னா?”

“ஆவுடையாள்பட்டி.”

“அட! எங்க சித்தி ஊர்லா அது!” வெர்னரின் உலோக முகம் நெருங்கி வந்தது. “ஊருக்குள்ளயா, கெழக்கயா?”

கிழக்கே என்றால் என்ன என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கருவி தோல் நிறத்தை மறைத்திருந்தது, பெயரை, குரலை மறைத்திருந்தது. திசையை மறைக்க அதில் பொத்தான் இல்லை.

“ஊருக்குள்ளதான். வடக்குத் தெரு” என்றாள் வடிவு.

“அப்படிச் சொல்லு! நம்மாளு!” அவர் அங்கேயே ஐந்து மதிப்பெண் போட்டார். “நேத்து ஒருத்தி, கெழக்க உள்ளவ. வேலை சுத்தந்தான். ஆனா பாரு, ரெண்டுக்கு மேல போட எனக்குக் கை வரல. சரி, கோயில் கொடைக்கு உங்க ஊருக்கு வாரேன். உங்க வீட்ல ஒரு வாய் காப்பி குடிக்கேன்.”

“நாங்க ஊர்ல இல்ல அண்ணாச்சி. அப்பா காலத்துலயே மெட்ராஸ் போயிட்டோம். ஊர்ல எங்களை யாருக்கும் தெரியாது.”

“மெட்ராஸ்லருந்தா ஓட்டுத? அதுவும் நல்லதுதான். அடுத்த வாரம் உன்னை நிரந்தரம் ஆக்கிருவேன். அதுக்கப்புறம் நீ எந்தக் கூடத்துல நின்னு ஓட்டுதன்னு என் திரையில தெரியும். மெட்ராஸ்னு பாத்தாலே, நம்ம பிள்ளை நல்லாருக்குன்னு நெனச்சுக்கிடுவேன்.”

அன்று சாயங்காலமே வடிவு பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். நடந்ததைச் சொல்லியும் கணவன் இசக்கிராஜுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“ஏழு கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கவனுக்குத் தெரியாம இருக்க ஒரு வேடம் போதும். புளியங்குடிக்காரனுக்குத் தெரியாம இருக்க ஊரையே காலி பண்ணணுமாக்கும்?”

“அவனுக்குத் தெரிஞ்சா பாதிக் கூலியாவது வரும். இவனுக்குத் தெரிஞ்சா அதுவும் வராது. அந்தக் கயித்த எடு.”

சென்னையில் வீடு கிடைப்பது ஜெர்மனியில் வேலை கிடைப்பதைவிடக் கடினமாக இருந்தது. வாரம் முடிய ஒருநாள் இருக்கையில் ஆவடியில் ஒரு மாடிப்பகுதி அமைந்தது. வீட்டுக்கார அம்மாளுக்கு இருவரையும் பிடித்துப்போயிற்று. முன்பணம் பேசியாயிற்று, தண்ணீர் வரும் நேரம் சொல்லியாயிற்று.

“சொந்த ஊரு எதும்மா?”

இசக்கிராஜ் வாயைத் திறந்தான். வடிவு முந்திக்கொண்டாள்.

“பிரேமன்.”

“அது எங்க இருக்கு?”

“ஜெர்மனியில.”

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. சாவிக் கொத்தை எடுத்து நீட்டினார். வடிவு கை நீட்டுவதற்குள் கொத்து கொஞ்சம் பின்னால் போயிற்று.

“ஜெர்மனியா! ரொம்ப சந்தோஷம்மா. அங்க எந்தப் பக்கம்?”