கடைசி அறைச் சுவர்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, சாவித்ரி பீர்க்கன்கரணை ஏரிக்கரையோரம் இருந்த அந்த விடுதிக்கு வந்து சேர்ந்தாள். 1974 டிசம்பர். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. பிற்பகல்தான் என்றாலும் வராந்தா முழுக்க இருட்டு. ஊறிப்போன சிமெண்ட் வாடை.

சாவித்ரி ஆர்க்கிடெக்ட். கல்லூரியில் இடம் கிடைத்தும் தங்க வழியில்லாமல் திரும்பிப் போகிற ஏழைப் பெண்களுக்காக, அவளே ஆசை ஆசையாய் வரைந்த விடுதி அது. பட்டறையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து நிறுத்தி போல்ட் முடுக்கினால் சுவர். நான்கு சுவர் நின்றால் அறை. வேண்டாமென்றால் கழற்றி வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். இப்போது அதற்குத்தான் வந்திருந்தாள். பெண்கள் இங்கே தங்க மறுக்கிறார்கள் என்று கமிட்டி விடுதியையே பல்லாவரத்துக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தது. எந்தெந்தப் பலகை தேறும் என்று பார்த்து அவள் சாக்பீஸால் குறி போட வேண்டும்.

ஏன் மறுக்கிறார்கள் என்று வார்டன் ஜெயசீலியிடம் கேட்டாள். ஜெயசீலி கடைசி அறைச் சாவியை அவள் கையில் வைத்துவிட்டு ஆபீஸிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒவ்வோர் அறையாகக் குறி போட்டுக்கொண்டே கடைசி அறைக்கு முந்தின அறைக்கு வந்தாள். மூலையில் சாத்திவைத்த குடை சரிந்து தரையில் விழுந்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. மெல்லிய பெண்குரல்.

ஊருக்குப் போகாமல் யாரோ தங்கிவிட்டாள்போல என்று நினைத்தாள். யாரென்று கேட்டாள். சுவரைப் பார்க்கக் கட்டிலை நகர்த்தினாள். இரும்புக் கால் தரையில் கிறீச்சிட்டது.

"மன்னிச்சுக்குங்கக்கா. இனிமே இரும மாட்டேன்."

பிறகு இன்னொரு சத்தம். வாய்க்குள் துணியைத் திணித்துக்கொண்டு, நெஞ்சு வெடிக்க வெடிக்க, இருமலை உள்ளேயே அமுக்குகிற சத்தம்.

சாவித்ரி கட்டிலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணை அவளுக்குத் தெரியும்.

பாப்பா. கோவளத்துக் குப்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். போன வருஷம் மழைக்காலத்தில், சுவர் மெல்லிசாக இருக்கிறது, அவள் இருமலில் தூங்கவும் முடியவில்லை படிக்கவும் முடியவில்லை என்று பக்கத்து அறைப் பெண்கள் புகார் செய்தார்கள். சாவித்ரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தாள். "சுவர்ல ஒண்ணும் தப்பில்ல. இருமுற பொண்ணைக் கடைசி ரூம்ல போடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் அந்தப் பெண்ணே நின்றிருந்தாள், தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டு. சாவித்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள். அப்புறம் அவளைப் பற்றி விசாரிக்கவும் இல்லை.

கடைசி அறையைத் திறந்தாள்.

காலி. கட்டில்கூட இல்லை.

கதவு காற்றில் படாரென்று அடித்தது.

"மன்னிச்சுக்குங்கக்கா."

இந்த முறை குரல் அந்த அறையிலும் இல்லை, பக்கத்து அறையிலும் இல்லை. காதருகே, சுவருக்குள்ளிருந்து வந்தது.

ஆபீஸ் வரைக்கும் ஓடினாள். ஜெயசீலி அவள் முகத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"ரூம் மாத்தினதுக்கப்புறம் இருமல் சத்தமே கேக்கல மேடம். சரியாப் போச்சுன்னு நெனைச்சோம். சத்தம் வந்திருந்தா யாராவது போய்ப் பாத்திருப்போம்."

பாப்பாவின் அறைக் கதவை உடைத்தபோது, தாவணி முழுக்க வாய்க்குள் இருந்ததாம்.

பிறகு, அந்தச் சுவரை என்ன செய்வது என்று ஜெயசீலி கேட்டாள். உடைத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கமிட்டி கேட்கும். கேட்டால், தான் அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல வேண்டும். சாவித்ரி கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தாள்.

"சுவர்ல ஒண்ணும் தப்பில்ல."

ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள். தரை திறந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது சாவித்ரிக்கு.

பலகைகள் லாரியில் போயின. வெள்ளையடித்த பிறகு எது எந்தச் சுவர் என்று யாருக்கும் தெரியவில்லை. கல்லூரி திறந்து சில வாரம் கழித்து, மனசு கேட்காமல், சாவித்ரி ஒரு சாயங்காலம் பல்லாவரம் விடுதிக்குப் போனாள்.

எல்லா அறையிலும் பெண்கள். ஆனால் விடுதியில் சத்தமே இல்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். டம்ளரை மடித்த துண்டின் மேல் வைத்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

வாசலருகே இருந்த பியூலா என்ற மாணவியிடம் ஏன் இப்படி என்று கேட்டாள். அவள் கிட்டே வந்து கிசுகிசுத்தாள்.

"சத்தம் வந்தா சுவருக்குள்ள ஒரு அக்கா மன்னிப்புக் கேக்குறாங்க மேடம். கேக்கவே எங்களுக்கு வெக்கமா இருக்கு."

"எந்த ரூம்ல?"

பியூலா வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எல்லா ரூம்லயும்."